பிபிசி ஒன்னை நாள் முழுக்கப் பார்ப்பது யார்?

கேள்வி: 4 மார்ச் 2025

பிபிசி நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் ஐபிளேயர் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். அப்படியிருக்க பிரிட்டனின் பிபிசி ஒன் சேனல் இன்னும் ஆறு மணிக்கு இது, ஒன்பதரைக்கு இது என்று நேரசூசி போட்டுக்கொண்டிருப்பது எதற்கு? பகலில் போட்டுப் பார்த்தால் பழைய சாமான் விற்கிறார்கள், இல்லாவிட்டால் பழைய வீடு விற்கிறார்கள். இதை நாள் முழுக்க உட்கார்ந்து யார் பார்க்கிறார்கள்? அப்படி ஒருவர் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

4 மார்ச், இரவு

நான் பார்க்கிறேன் தம்பி.

தென் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாகப் பராமரிப்பு வேலை. கிழமைக்கு நான்கு நாள், காலை ஏழரைக்கு உள்ளே போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருவேன். ஹோலில் ஒரு பெரிய ரீவி. அதைச் சுற்றி முதுகு உயர்ந்த கதிரைகள் பதினான்கு. அந்த ரீவி ஒன்றாம் இலக்கத்திலேயே நிற்கும். உட்கார்ந்து பார்க்க எனக்கு ஏது நேரம். ஆனால் தலை சீவி விடும்போதும், கஞ்சி ஊட்டும்போதும், கதிரையிலிருந்து ஒருவரைத் தூக்கி நிறுத்தும்போதும் என் காதில் கேட்பது அதுதான்.

காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை பிரேக்பாஸ்ட், சல்போர்டிலிருந்து வருவது. அதில் திரையின் கீழ் ஓரத்தில் மணி போட்டிருப்பார்கள். மருந்து வண்டி எட்டு மணிக்கு வராவிட்டால் ஒரு பாட்டி பேசாமல் அந்த மூலையைக் கை காட்டுவார். பிறகு மோர்னிங் லைவ். பதினொன்றேகால் அளவில் ஏலத்தில் வீடு வாங்கும் ஹோம்ஸ் அண்டர் த ஹாமர். பன்னிரண்டேகாலுக்கு பார்கெயின் ஹண்ட். ஒரு மணிக்குச் செய்தி. மூன்றுக்கு, நகரத்தை விட்டு நாட்டுப்புறத்தில் வீடு தேடுபவர்கள். ஐந்தேகாலுக்கு வினாவிடைப் போட்டி பாயிண்ட்லெஸ். ஆறுக்குச் செய்தி, ஆறரைக்கு லண்டன் செய்தி, ஏழுக்கு த ஒன் ஷோ, ஏழரைக்கு ஈஸ்ட்எண்டர்ஸ் தொடர்.

நேரசூசி எதற்கு என்று கேட்டீர்கள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்ல முடியாதவர்கள் எங்களிடம் ஆறு பேர் இருக்கிறார்கள். முள் தெரியும், எண்ணும் தெரியும், இரண்டையும் சேர்க்க முடியாது. ஆனால் பார்கெயின் ஹண்டின் தொடக்க இசை கேட்டதும் அந்த ஆறு பேரும் சாப்பாட்டு அறைக் கதவைப் பார்ப்பார்கள். ஐபிளேயரில் அந்த இசையை எந்த நேரமும் போடலாம். அப்படிப் போட்டால் அது சாப்பாட்டு மணியாக இருக்காது.

5 மார்ச்

நேற்று ‘லண்டன் செய்தி’ என்று எழுதியது என் இடத்தை வைத்து. ஆறரை மணிக்கு அந்த ஒரு சேனல் பல துண்டாகப் பிரியும். பேர்மிங்ஹாமில் மிட்லண்ட்ஸ் டுடே, நோரிச்சில் லுக் ஈஸ்ட், பிளிமத்தில் ஸ்பொட்லைட். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு பிபிசி ஒன்னே தனித்தனி.

லீட்ஸ் பக்கத்து ஐயா ஒருவர் எங்களிடம் இருக்கிறார். மகள் லண்டனில் இருப்பதால் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அவருக்கு ஆறரைக்கு லுக் நோர்த் வேண்டும். சற்றலைட் பெட்டியில் எல்லாப் பிராந்தியமும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு மகள் அவர் அறைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். தினமும் ஆறு இருபத்தைந்துக்கு அவரை அறைக்குக் கூட்டிப் போவேன். லீட்ஸில் எந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தது என்று கேட்டுவிட்டுத்தான் அவருக்கு இராச் சாப்பாடு இறங்கும்.

7 மார்ச்

பழைய சாமான், பழைய வீடு என்று சொன்னீர்களே, அதைப் பற்றித்தான் இரண்டு நாளாக யோசித்தேன்.

பார்கெயின் ஹண்ட் தெரியாதவர்களுக்கு: சிவப்பு அணி, நீல அணி. ஒவ்வொன்றுக்கும் 300 பவுண்டு, ஒரு மணி நேரம். பழம்பொருள் சந்தையில் மூன்று சாமான் வாங்க வேண்டும், பிறகு அவற்றை உண்மையான ஏலத்தில் விற்க வேண்டும். லாபம் வந்தால் அது அணிக்கு. பெரும்பாலும் நட்டம்தான். 2000ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது.

நீங்கள் அதை விற்பனையாகப் பார்க்கிறீர்கள். எங்கள் ஹோலில் உள்ளவர்கள் தங்கள் வீட்டைப் பார்க்கிறார்கள். போன கிழமை ஒரு செம்பு அண்டா வந்தது. அடிப்பக்கம் கறுத்து, ஒரு கைபிடி மட்டும் புதிதாக ஒட்டியது. நிபுணர் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மூன்று மாதமாக முழு வசனம் ஒன்று பேசாத ஒரு அம்மா, “திங்கட்கிழமை” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு “அம்மா கையெல்லாம் சிவந்துவிடும்” என்றார். திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்கும் நாள். அண்டா தண்ணீர் கொதிக்க வைப்பது. ஏலத்தில் அது எத்தனை பவுண்டுக்குப் போனது என்று நான் பார்க்கவேயில்லை. அந்த அம்மாவின் கை, மடியில் இருந்த துவாயைப் பிழிந்துகொண்டிருந்தது.

வீட்டு ஏலமும் அப்படித்தான். ஒரு தாத்தா நாற்பது வருடம் சுவருக்குப் பூச்சு வேலை செய்தவர். படம் வீட்டுக்குள் நுழைந்ததும், அறிவிப்பாளர் வாயைத் திறக்கும் முன்னே, “ஈரம், அந்தப் புகைபோக்கிக்குப் பக்கத்தில்” என்பார். ஐந்து நிமிடம் கழித்து அங்கேதான் ஈரம் என்று அவர்களும் சொல்வார்கள். தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்குவார். அந்த நிகழ்ச்சியில் பின்னால் போடும் பாட்டின் சொல்லும் படமும் பொருந்தும்: படிக்கட்டு என்றால் படிக்கட்டுப் பாட்டு, கதவு என்றால் கதவுப் பாட்டு. அதைக் கண்டுபிடித்து முதலில் பாடுவது இன்னொருவருடைய வேலை.

8 மார்ச்

“முன்பும் இப்படித்தான் நாள் முழுக்க ஓடியதா அக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. பல வருடம் அந்த நாளில் பெரிய பெரிய ஓட்டைகள் இருந்தன. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் இல்லத்தில் உள்ள ரீவி திருத்துனர் ஐயா. வயது 88. கையில் இன்னும் பற்றாசுத் தழும்பு இருக்கிறது.

1957 பெப்ரவரி வரை மாலை ஆறிலிருந்து ஏழு வரை ரீவியில் ஒன்றுமே கிடையாது. பிள்ளைகளைப் படுக்கப் போடுவதற்காக நாடு முழுக்க ஒரு மணி நேரம் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். எங்கள் பாட்டி ஒருவர் அப்போது சின்னப் பிள்ளை. ரீவியும் படுக்கப் போகிறது என்று தாய் சொல்வாராம், அதை நம்பிக் கொட்டாவி விட்டாராம். நாளுக்கு எத்தனை மணி நேரம் ஒளிபரப்பலாம் என்பதை 1972 வரை அரசாங்கமே கட்டுப்படுத்தியது. எரிபொருள் நெருக்கடி வந்த 1973 டிசெம்பரில், இரவு பத்தரைக்கே எல்லாச் சேனலும் மூட வேண்டும் என்று உத்தரவு. அடுத்த பெப்ரவரியில்தான் அந்த உத்தரவை எடுத்தார்கள். காலை நிகழ்ச்சி தொடங்கியது 1983 ஜனவரி 17. முழுப் பகலும் நிரம்பியது 1986 ஒக்டோபர் 27. ஒரு மணிச் செய்தி தொடங்கியதும் அன்றுதான்.

அதற்கு முன் பகலில் ரீவியைப் போட்டால் பெரும்பாலும் சோதனைப் படம். 1967இல் வந்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம்: ஒரு சிறுமி, ஒரு கோமாளிப் பொம்மை, புள்ளடியும் வட்டமும் போட்டு விளையாடும் கரும்பலகை. அந்தப் புள்ளடி ஒன்று திரையின் நட்டநடுவைக் காட்டுகிறதாம். ஐயா வீடு வீடாகப் போய் ரீவி திருத்தும்போது அதில் கண் வைத்துத்தான் படத்தை நடுவுக்குக் கொண்டுவருவார். “அவளை நான் ஆயிரம் வீட்டில் பார்த்திருக்கிறேன்” என்கிறார். அந்தப் படம் இல்லாவிட்டால் பகலில் ரீவி திருத்தவே முடியாது என்பது நான் யோசித்தே பார்க்காத விஷயம்.

இன்னொன்றும் சொன்னார். 1939 செப்டெம்பர் 1, யுத்தம் வருகிறது என்று மிக்கி மவுஸ் கார்ட்டூனின் நடுவிலேயே ஒளிபரப்பை வெட்டினார்களாம். 1946 ஜூன் 7 திரும்பத் தொடங்கியபோது விட்ட இடத்திலிருந்தே அந்தக் கார்ட்டூனைப் போட்டார்களாம். வெட்டியது அவர் கைக்குழந்தையாக இருந்த காலத்துக் கதை என்றாலும் அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்கிறது.

9 மார்ச்

மேலே ‘எல்லாச் சேனலும்’ என்று எழுதியிருக்கிறேன். 1973இல் மொத்தமே மூன்று சேனல்தான்.

12 மார்ச்

பேசுவதைத் திரையின் கீழே எழுத்தில் காட்டும் எழுத்து வரி பற்றி ஒருவர் கேட்டார். எங்கள் ரீவியில் அது எப்போதும் ஓடும். பாதிப் பேருக்குக் காது கேட்காது. பிபிசி 2008இலிருந்தே தன் முக்கிய சேனல்களில் எல்லா நிகழ்ச்சிக்கும் எழுத்து வரி தருகிறது. எனக்கும் அதனால்தான் ஆங்கிலம் வந்தது. வந்த புதிதில் ஸ்கொட்லாந்துக்காரர் பேசினால் ஒரு சொல்லும் பிடிபடாது. வாயைப் பார்ப்பேன், வரியைப் பார்ப்பேன், மெல்ல இரண்டும் சேர்ந்தன.

நேரலையில் அந்த வரிகள் எப்படி வருகின்றன தெரியுமா? ஒருவர் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து, செய்தியைக் காதில் கேட்டுக்கொண்டே அதைத் தட்டையான குரலில் திருப்பிச் சொல்கிறார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்பதையும் வாயால் சொல்கிறார். அவர் குரலுக்குப் பழகிய மென்பொருள் அதை எழுத்தாக்குகிறது. அதனால்தான் சில விநாடி பிந்தி வருகிறது, சில பெயர்கள் உருமாறியும் வருகின்றன. முன்னமே பதிவு செய்த நிகழ்ச்சியில் அந்தப் பிசகு கிடையாது. செய்தியில் வரி பிழைத்தால் எங்கள் ஹோலில் கோபிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை நினைத்தால் மரியாதைதான் வருகிறது.

ஆறு மணிச் செய்தி என்றால் எனக்குச் செய்தி வாசித்த ஜோர்ஜ் அழகையா. கொழும்பில் பிறந்த தமிழர். 2003இலிருந்து அந்தச் செய்தியில் இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பாட்டி திரையைக் காட்டி, “உங்கள் ஆளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்ல குரல்” என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து என் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகினார். 2023 ஜூலையில் அழகையா காலமானபோது அதே ஆறு மணிக்கு அவர் படத்தைப் போட்டார்கள். அப்போது அந்தப் பாட்டியும் இல்லை.

15 மார்ச்

8ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். மகனிடம் சொல்லித் தேடிப் பார்க்க வைத்தேன்.

1939இல் கார்ட்டூனை நடுவில் வெட்டவில்லை. அது முழுதாக ஓடியது. அதன் பிறகு சோதனைச் சைகைகள் போனது, பிறகுதான் ஒளிபரப்பு நின்றது. லண்டனில் ஒளிபரப்பு நிலையம் இருந்த அலெக்ஸாண்ட்ரா பலஸிலிருந்து போகும் அலைவரிசை எதிரி விமானத்துக்கு வழி காட்டிவிடும் என்ற பயமும், பொறியியலாளர்கள் ராடார் வேலைக்குத் தேவைப்பட்டதும் காரணம். 1946இல் அதே கார்ட்டூனை மறுபடி போட்டது மட்டும் உண்மை. ஆனால் முதலில் திரையில் வந்தவர் அறிவிப்பாளர் ஜாஸ்மின் பிளை. எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள், என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாராம்.

இதை நான் ஐயாவிடம் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்று விட்டேன்.

நடுவில் வெட்டியதை நானே கண்ணால் பார்த்த நாள் ஒன்று இருக்கிறது. 2022 செப்டெம்பர் 8, வியாழன். பார்கெயின் ஹண்ட் ஓடுகிறது. நான் ஒரு அம்மாவுக்கு மார்புத் துண்டு கட்டிக்கொண்டிருந்தேன். 12.39க்குப் படம் மாறியது. செய்தி அறை. எலிசபெத் அரசியின் உடல்நிலை பற்றி மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள் என்று அரண்மனை அறிவித்திருக்கிறது. வழக்கமான நிகழ்ச்சி எல்லாம் நிறுத்தம்.

முதலில் ஹோலில் எழுந்தது எரிச்சல்தான். சிவப்பு அணியின் சாமான் ஏலத்துக்கு வரவில்லை என்று ஒருவர் கத்தினார். சாப்பாட்டு நேரமா இல்லையா என்று இன்னொருவர் கேட்டார். இசை வந்துவிட்டது, ஆனால் நிகழ்ச்சி முடியவில்லை. அவருக்கு நாள் அங்கேயே நின்றுவிட்டது. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தும் தொடவில்லை. மூன்று மணிக்கு வீடு தேடுபவர்கள் வரவில்லை. ஐந்தேகாலுக்கு பாயிண்ட்லெஸ் வரவில்லை. கறுப்புக் கழுத்துப் பட்டி கட்டிய ஒரே மனிதர், ஒரே அரண்மனை வாசல், மழை.

ஆறரைக்கு அறிவித்தார்கள். தேசிய கீதம் வந்தது. எழும்ப முடியாத ஒரு பாட்டி கதிரைக் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தன்னைத் தூக்கப் பார்த்தார். அரசிக்கு 96. இவரும் 96, மூன்று மாதம் மூத்தவர். நானும் கூட வேலை செய்யும் இன்னொரு பிள்ளையும் இரண்டு பக்கமும் கைகொடுத்து நிறுத்தினோம். கீதம் முடியும் வரை நின்றார். அடுத்த கிழமை முழுக்க ஹோலில் ஆட்களுக்குத் தூக்கம் குழம்பியது. துக்கம் ஒரு பங்கு. பன்னிரண்டேகால் பன்னிரண்டேகாலாக இல்லாமல் போனதும் ஒரு பங்கு என்று இன்றும் நினைக்கிறேன்.

19 மார்ச்

தேத்தண்ணீர் பற்றி ஒன்று. இது என் தம்பியிடம் கேட்டது, அவன் மின்சார வேலை.

பிபிசியில் விளம்பரம் இல்லை. நிகழ்ச்சி முடிந்தால்தான் எழும்புவார்கள். எழும்பினால் கேத்தில். பிரபலமான நிகழ்ச்சி முடியும் அந்த ஓரிரு நிமிடத்தில் நாடு முழுக்க மின்சாரத் தேவை திடீரென்று ஏறும். மின் கட்டமைப்பை நடத்துபவர்கள் ரீவி நேரசூசியை மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். 1990 ஜூலை 4, உலகக் கிண்ண அரையிறுதியில் மேற்கு ஜேர்மனியிடம் இங்கிலாந்து தோற்ற இரவு, 2,800 மெகாவாட் ஒரேயடியாக ஏறியது. இந்த வேலைக்கு ஆயத்தமாக வேல்ஸில் ஒரு மலைக்குள் டினோர்விக் என்ற நீர்மின் நிலையம் இருக்கிறது. மேலே உள்ள ஏரியைத் திறந்துவிட்டால் 20 விநாடிக்குள் ஆயிரத்துக்கு மேல் மெகாவாட் தரும். இரவில் மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மறுபடி மேலே ஏற்றி வைப்பார்கள்.

இப்போது எல்லாரும் வெவ்வேறு நேரத்தில் பார்ப்பதால் அந்த ஏற்றம் முன்பு மாதிரி இல்லை என்கிறான். நீங்கள் சொன்ன ஐபிளேயரின் வேலை அது தம்பி. ஆனால் எங்கள் இல்லத்தில் இன்றும் ஈஸ்ட்எண்டர்ஸ் முடிவின் மேளம் அடித்ததும் பன்னிரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தேத்தண்ணீர் வேண்டும்.

20 மார்ச்

ஈஸ்ட்எண்டர்ஸ் என்றதும் யாரோ 1986 நத்தாரைக் கேட்டிருக்கிறார்கள். ஆம், அது உண்மை. தொடரில் கணவன் டென், மனைவி ஆஞ்சியிடம் மணமுறிவுக் கடிதத்தை நீட்டிய நாள். பார்த்தவர்கள் 3 கோடிப் பேர். அந்த எண்ணிக்கையில் மறுஒளிபரப்பைப் பார்த்தவர்களும் சேர்த்தி. எங்கள் ஹோலில் கேட்டேன், பதினொரு பேர் கை தூக்கினார்கள். ஒருவர் அந்த இரவு வான்கோழி கருகிப் போனதையும் சொன்னார்.

23 மார்ச்

நான் எழுதியதை எல்லாம் இன்று திரும்பப் படித்தேன். ஏதோ எங்கள் ஹோலில் எல்லாரும் மகிழ்ச்சியாக ரீவி பார்ப்பது போல எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை.

யன்னலோரக் கதிரையில் ஒரு அம்மா இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக் கொடுத்தவர். அவர் ரீவியை விரும்பியதில்லை. வந்த காலத்தில் “அதை நிறுத்த முடியுமா” என்று கேட்பார். பதின்மூன்று பேர் பார்க்கிறார்கள் அம்மா என்று நாங்கள் சொல்வோம். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். பழகிவிட்டார் என்று நான் நினைத்தேன். போன மாதம் அவருடைய அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தியதும் ஒரு பெருமூச்சு விட்டு, மேசை விளிம்பில் விரல்களை ஓட்டினார். பத்து விரலும் ஓடின. பழகவில்லை. பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார், இரண்டு வருடம்.

இப்போது அவருக்கு மட்டும் பதினொன்றேகாலிலிருந்து சாப்பாடு வரை அறையில் வானொலி. ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியது என் வேலையின் ஒரு பகுதி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாவது இரண்டு வருடம் முன்னமே கேட்டிருக்க வேண்டும்.

30 மார்ச், ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். அன்னையர் தினமும் சேர்ந்து வந்தது. ஹோலில் சுவர் மணிக்கூட்டை யாரும் மாற்றவில்லை. மதியம் வரை அது பழைய நேரத்திலேயே ஓடியது. ஒருவரும் குழம்பவில்லை, ரீவி சரியாக ஓடியதால்.

ஞாயிறு வேறு நாள். மதியம் சொங்ஸ் ஒப் பிரெய்ஸ். 1961இலிருந்து வருகிறது, தேவாலயப் பாட்டு. எங்கள் அண்டா அம்மாவுக்கு அந்த இடத்தில்தான் குரல் வரும். பேச்சு வராது, பாட்டு வரும், நான்கு அடியும் பிழையில்லாமல். இன்று மகள் பூங்கொத்தோடு வந்திருந்தார். தாய் பாடத் தொடங்கியதும் மகள் பூவைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் முழந்தாளிட்டு இரண்டாவது குரலில் சேர்ந்துகொண்டார். தேத்தண்ணீர் வண்டியை நான் கதவடியிலேயே நிறுத்திவிட்டேன்.

2 ஏப்ரல்

ரீவி பார்க்கக் கட்டும் உரிமக் கட்டணம் நேற்று, 2025 ஏப்ரல் 1 அன்று, வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. இல்லத்தில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு: ஓய்வு பெற்றவர் அல்லது உடல் குறைபாடு உள்ளவர், இல்லமும் அந்தத் திட்டத்துக்குத் தகுதியானது என்றால், அறைக்கு 7.50 பவுண்டு. விண்ணப்பிக்க வேண்டியது இல்லத்து முகாமையாளர். பெற்றோரை எங்காவது சேர்த்தவர்கள் கேட்டுப் பாருங்கள்.

5 ஏப்ரல்

தம்பி, நேற்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதவில்லை. ஊரிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு எட்டு மாதம், நீங்கள் இருவரும் வேலைக்குப் போனால் அவர் தனியே, ஆங்கிலம் தெரியாது, நேரம் போகவில்லை என்று அழுகிறார். முதல் நாள் கேட்ட கேள்வி இதற்காகத்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

தமிழ்ச் சேனல் போடலாமே என்று மேலே ஒருவர் சொல்கிறார். போடுங்கள். ஆனால் ஒன்று: சென்னையில் இரவு ஒன்பதுக்கு வரும் தொடர் இப்போது இங்கே மாலை நான்கரைக்கு வரும். திரையில் இரவு, யன்னலில் வெயில். தனியே இருக்கும் ஒருவருக்கு அது குழப்பும். அதனால் இரண்டையும் கலந்து கொடுங்கள்.

பார்கெயின் ஹண்டுக்கு மொழி தேவையில்லை. சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, லாபம், நட்டம், ஒரு நாளில் பிடிபட்டுவிடும். பித்தளைச் சாமான் வந்தால் உங்கள் அம்மா அதைப் பற்றி உங்களுக்கே பாடம் எடுப்பார். வீட்டு ஏலமும் அப்படியே. பாயிண்ட்லெஸ் வேண்டாம், அது முழுக்கப் பேச்சு. சனி இரவு நீங்கள் வீட்டில் இருக்கும்போது நகைச்சுவையாளர் ரொமேஷ் ரங்கநாதன் நடத்தும் வினாவிடைப் போட்டி வீக்கஸ்ட் லிங்க் ஓடினால் சேர்ந்து பாருங்கள். ரொமேஷின் பெற்றோர் இலங்கைத் தமிழர் என்று சொன்னால், கேள்வி விளங்காவிட்டாலும் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ரீவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நிகழ்ச்சியின் பெயரை எழுத வேண்டாம். ‘11.15 வீடு விற்பது. 12.15 சாமான் விற்பது, அது முடியும்போது சாப்பிடுங்கள். 1.00 செய்தி, வானிலைப் படத்தைப் பார்த்து உடுப்புக் காயப் போடலாமா என்று முடிவு செய்யுங்கள். 3.00 நாட்டுப்புற வீடு, தேத்தண்ணீர்.’ இப்படி. சத்தம் கூடினால் நிறுத்துவது எப்படி என்று ரிமோட்டில் அந்தப் பொத்தானுக்கு மட்டும் சிவப்பு நிறம் பூசிக் கொடுங்கள். நிறுத்தத் தெரிவது முக்கியம், அதை என் பியானோ அம்மாவிடம் படித்தேன்.

கடைசி வரியில் நீங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தை எழுதுங்கள். ஆறு மணிச் செய்தி தொடங்கும்போது என்றால் அப்படியே எழுதுங்கள், அந்த இசை கேட்கும்போது கதவும் திறக்க வேண்டும்.